ஓர் இடமும் மூன்று கண்டங்களும்



கணக்குப் பாடத்தில் பங்கீடு என்று ஒரு பகுதி உண்டு. 16 பழங்களைப் பிள்ளைகளுக்குள் எவ்வாறு பிரித்துக் கொடுப்பது என்று ஆசிரியர் கேட்பார். நாம் வகுத்து விடை கண்டு, பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்கிற்குப் போய்விடுவோம். ஆனால் உலக வாழ்க்கையில் பங்கீடு அவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதில்லை. பிரித்துக் கொடுப்பவர் யார், பெற்றுக்கொள்பவர் யார், எந்த அளவுகோலைக் கொண்டு பிரிக்கிறார்கள் என்னும் வினாக்கள் அங்கே தலைதூக்குகின்றன. இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போகும் வரலாறும் ஒரு பங்கீட்டு வரலாறே. பங்கிடப்பட்டவை பழங்கள் அல்ல. 1966-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் 16 இடங்கள்.

உலகக் கோப்பைப் போட்டியை நாம் செய்தித்தாளில் படிக்கும்போது, இறுதி ஆட்டத்தைப் பற்றியே பெரிதும் பேசுகிறோம். கோப்பையைக் கையில் ஏந்திய தலைவனின் படம் நம் நினைவில் நிற்கிறது. ஆனால் அந்தப் பந்தலுக்குள் நுழைவதற்கே முன்னதாக ஒரு வாயில் இருக்கிறது. அந்த வாயிலுக்குத்தான் தகுதிப் போட்டி என்று பெயர். ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள நாடுகள் தமக்குள் ஆடி, வென்றவர்களே உள்ளே செல்ல முடியும். எந்த வட்டாரத்திற்கு எத்தனை இடம் என்பதை முடிவு செய்வது ஃபிஃபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகக் கால்பந்துச் சம்மேளனம். வாயிற்காவலனின் கதை அரசனின் கதையைப் போல் பளபளப்பாக இராது. எனினும், அரண்மனையின் நீதியை அறிய வேண்டுமானால் வாயிலில் நடப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1930-ஆம் ஆண்டு உருகுவே நாட்டில் முதல் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. 13 நாடுகள் அழைப்பின்பேரில் கலந்துகொண்டன. அவற்றுள் ஆசிய நாடு ஒன்றுமில்லை. ஆப்பிரிக்க நாடும் ஒன்றுமில்லை. 1934-இல்தான் தகுதிப் போட்டி என்னும் ஏற்பாடு முதன்முதலாக வந்தது. அப்போது எகிப்து, பாலஸ்தீனத்தை வென்று இத்தாலிக்குச் சென்றது. நேப்பிள்ஸ் நகரில் ஹங்கேரியிடம் 4-க்கு 2 என்ற கணக்கில் தோற்றுத் திரும்பியது. 1938-இல் ஜப்பான் விலகிக்கொண்டமையால், இன்று இந்தோனேசியா என வழங்கும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் அணி பிரான்சுக்குச் சென்றது. அதுவும் ஒரே ஆட்டத்தில், அதே ஹங்கேரியிடம் 6 கோல்களில் தோற்றது.

1950-ஆம் ஆண்டு வந்தது. இங்கே நம் நாட்டின் பெயரும் ஏட்டில் ஏறுகிறது. ஆசியப் பிரிவில் பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகள் விலகிக்கொண்டன. ஆதலால் ஓர் ஆட்டமும் ஆடாமலேயே இந்தியா தகுதி பெற்றது. ஆனால் பிரேசிலுக்கு நம் அணி செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆட அனுமதி மறுக்கப்பட்டதால்தான் செல்லவில்லை என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவி வருகிறது. அது சுவையான கதைதான். ஆயினும் வரலாறு அவ்வளவு சுவையானதன்று. அணித் தேர்வில் ஏற்பட்ட கருத்து வேறுபாடும் பயிற்சிக்குப் போதிய காலம் இல்லாமையுமே அப்போது காரணங்களாகக் கூறப்பட்டன. அன்றைக்கு நம்மவர் கண்களுக்கு ஒலிம்பிக் பந்தயமே பெரிதாகத் தெரிந்தது. உலகக் கோப்பையின் அருமை விளங்கவில்லை. வாயில் தானாகத் திறந்தபோது நாம் உள்ளே நுழையவில்லை. அதன் பிறகு அது நமக்கு இன்றளவும் திறக்கவில்லை. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே கேளுங்கள்.

1954-இல் தென்கொரியா, ஜப்பானை டோக்கியோ நகரிலேயே வென்று சுவிட்சர்லாந்து சென்றது. அங்கே ஹங்கேரியிடம் 9 கோல்களிலும் துருக்கியிடம் 7 கோல்களிலும் தோற்றது. தன் கணக்கில் ஒரு கோலும் இல்லை. போர் முடிந்து ஓராண்டுகூட நிறையாத நாட்டிலிருந்து வந்த அணி அது. ஆனால் எண்களை மட்டும் பார்ப்பவர்கள் அதை நினைக்கவில்லை. கீழை நாடுகளின் ஆட்டம் இவ்வளவுதான் என்று ஐரோப்பாவில் பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

1958-ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சேர்த்து ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அந்தத் தகுதிப் போட்டியைப் போல் விந்தையானதொன்றைக் காண்பது அரிது. இந்தோனேசியாவும் சீனாவும் மும்முறை மோதின. சகார்த்தாவில் இந்தோனேசியா வென்றது. பீகிங்கில் சீனா வென்றது. மூன்றாம் ஆட்டம் பர்மாவின் தலைநகரான ரங்கூனில் நடந்து சமமாக முடிந்தது. கோல் விகிதத்தைக் கொண்டு இந்தோனேசியா மேலே சென்றது. சூடான், சிரியாவை வென்றது. இவ்வளவு உழைப்புக்குப் பின்னர் அரசியல் குறுக்கிட்டது. அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் இருந்த பகை ஆடுகளத்தையும் பற்றிக்கொண்டது. துருக்கி, ஆசியப் பிரிவில் தன்னைச் சேர்த்தது பொருந்தாது என்று விலகியது. பொது இடத்தில் ஆடக் கேட்டு இசைவு பெறாத இந்தோனேசியா விலகியது. எகிப்தும் சூடானும் ஆட மறுத்தன. முடிவில், ஒரு பந்தையும் உதைக்காமல் இஸ்ரேல் வெற்றி பெற்றதாக நின்றது.

போட்டியை நடத்தும் நாடும் முன்னைய வெற்றியாளரும் தவிர வேறெவரும் ஆடாமல் தகுதி பெறலாகாது என்று ஃபிஃபா கருதியது. ஆகவே ஏனைய பிரிவுகளில் இரண்டாம் இடம் பெற்ற நாடுகளின் பெயர்களை எழுதிக் குலுக்கிச் சீட்டு எடுத்தனர். முதலில் வந்த பெல்ஜியம் ஒப்பவில்லை. அடுத்து வந்தது வேல்ஸ். 1958-ஆம் ஆண்டு சனவரியிலும் பிப்ரவரியிலும் இஸ்ரேலை இரு முறையும் 2-க்கு 0 என வென்று வேல்ஸ் சுவீடனுக்குச் சென்றது. ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரிய ஒரே இடத்தில் ஐரோப்பிய நாடு ஒன்று அமர்ந்தது. வேல்ஸ் வீரர்கள்மீது குறை சொல்ல ஏதுமில்லை. அவர்கள் முறைப்படி ஆடி வென்றார்கள். ஆனால் அந்த நாற்காலி யாருக்காகப் போடப்பட்டது என்பதை யாரும் மறந்துவிடலாகாது.

1962-இல் அந்த ஓர் இடமும் உறுதியாக இல்லை. ஆசியாவில் வென்ற தென்கொரியா யூகோஸ்லாவியாவையும், ஆப்பிரிக்காவில் வென்ற மொராக்கோ ஸ்பெயினையும் வென்றாக வேண்டும் என்று விதித்தார்கள். இரண்டும் தோற்றன. மொராக்கோ இரண்டு ஆட்டங்களிலும் ஒவ்வொரு கோல் வேறுபாட்டில்தான் தோற்றது என்பது குறிப்பிடத்தக்கது. சிலி நாட்டில் நடந்த அப்போட்டியில் இரு கண்டங்களிலிருந்தும் ஓர் அணியும் இல்லை.

இதற்கிடையே உலகப் படம் மாறிக்கொண்டிருந்தது. 1960 என்னும் ஒரே ஆண்டில் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. புதிய கொடிகள் ஏறின. புதிய நாட்டுப் பாடல்கள் ஒலித்தன. ஆப்பிரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 1957-ஆம் ஆண்டிலேயே சூடான் தலைநகர் கார்த்தூமில் தோன்றிவிட்டது. விடுதலை பெற்ற நாட்டிற்கு ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு நாற்காலி எவ்வளவு பெருமையோ, அவ்வளவு பெருமை உலக ஆடுகளத்தில் ஓர் அணி நிற்பதும். கானா நாட்டின் தலைவர் குவாமே நிக்ரூமா இதனை நன்கு உணர்ந்தவர். அவருடைய நாட்டு அணி 1963-லும் 1965-லும் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது.

இந்நிலையில் 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபிஃபா தன் பங்கீட்டை வெளியிட்டது. இங்கிலாந்தையும் சேர்த்து ஐரோப்பாவுக்கு 10 இடங்கள். பிரேசிலையும் சேர்த்துத் தென் அமெரிக்காவுக்கு 4 இடங்கள். வட அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் சேர்ந்து 1 இடம். எஞ்சிய ஒரே ஓர் இடம் ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று கண்டங்களுக்கும் பொது. ஆப்பிரிக்காவில் பல சுற்றுகள் ஆடி வென்றவர், ஆசியப் பகுதியில் வென்றவரோடும் மோதி வென்றால்தான் இங்கிலாந்தைக் காணலாம்.

ஆட்டத் தரம் குறைவு என்பதே இப்பங்கீட்டிற்குச் சொல்லப்பட்ட காரணம். அதனை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் கால்பந்து வேரூன்றிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் நீச்சல் தெரியாதவனைத் தண்ணீரில் இறங்கவிட மாட்டேன், தண்ணீரில் இறங்காதவனுக்கு நீச்சல் வராது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் அவன் கரையேறுவது எங்ஙனம்? ஆப்பிரிக்கர் கேட்ட கேள்வியின் சாரம் இதுவே.

கானாவின் விளையாட்டுத்துறைத் தலைவரும் ஃபிஃபாவின் நிர்வாகக் குழு உறுப்பினருமாகிய ஓஹீன் ஜான் உடனே ஃபிஃபாவிற்குத் தந்தியடித்தார். நெடிய, செலவு மிகுந்த தகுதிச் சுற்றுகளின் முடிவில் இத்தனை நாடுகளுக்கும் ஒரே இடம் என்பது முறையாகாது. ஆப்பிரிக்காவுக்குத் தனியாக ஓர் இடமாவது வேண்டும் என்பது அதன் கருத்து. எத்தியோப்பியாவின் தெசெமா இட்னெகாச்சு போன்றோரும் இக்கருத்தை வலியுறுத்தினர். ஃபிஃபா இணங்கவில்லை. போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த 15 ஆப்பிரிக்க நாடுகளும் ஒருங்கே விலகின. ஃபிஃபா அவற்றுக்கு அபராதமும் விதித்தது.

இந்த விலகலுக்கு மற்றொரு காரணமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் அப்போது வெள்ளையர் ஆட்சி நடந்தது. நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரித்து வைக்கும் கொடுமை சட்டமாகவே இருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அணியில் ஆடலாகாது. இதனால் ஆப்பிரிக்கச் சம்மேளனம் அந்நாட்டைத் தொடக்கத்திலேயே விலக்கி வைத்தது; ஃபிஃபாவும் 1961-இல் இடைநீக்கம் செய்தது. ஆனால் ஃபிஃபாவின் தலைவராக இருந்த ஆங்கிலேயர் ஸ்டான்லி ரவுஸ் தென்னாப்பிரிக்கா சென்று பார்த்து வந்தபின், 1963-இல் அத்தடை நீக்கப்பட்டது. 1966-ஆம் ஆண்டுப் போட்டிக்கு வெள்ளையர் அணியையும் 1970-ஆம் ஆண்டுப் போட்டிக்குக் கறுப்பர் அணியையும் அனுப்புகிறோம் என்று அந்நாட்டுச் சங்கம் சொன்னதாம். இதைக் கேட்டுச் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை! ஆப்பிரிக்க நாடுகள் ஆட மறுக்கும் என்று கருதித் தென்னாப்பிரிக்காவை ஆசியப் பிரிவிலே சேர்த்தார்கள். 1964-இல் டோக்கியோவில் கூடிய ஃபிஃபாப் பேரவையில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுதிரண்டு வாக்களித்து அதனை மீண்டும் இடைநீக்கம் செய்தன.

ஆக, மூன்று கண்டங்களில் ஒன்று முழுவதுமாக விலகிவிட்டது. எஞ்சியவை தென்கொரியா, வடகொரியா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்றே. இந்தியா அந்தத் தகுதிப் போட்டியில் சேரவேயில்லை. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-க்கு 2 என வென்று நான்காம் இடம் பெற்றதும், 1962-இல் சகார்த்தாவில் தென்கொரியாவை வென்று ஆசியப் பந்தயத் தங்கப் பதக்கம் பெற்றதும் நம் அணிதான் என்பதை நினைத்தால் நெஞ்சு சற்றுக் கனக்கிறது.

மூவருக்கும் உரிய போட்டியை முதலில் ஜப்பானில் நடத்த எண்ணினார்கள். பின்னர் அது கம்போடியாவுக்கு மாற்றப்பட்டது. அப்போது தென்கொரியாவும் விலகியது. இனி இருப்பவை இரண்டே அணிகள். பொதுவாக இவ்விரண்டும் ஒருவர் ஊரில் ஒன்று, மற்றவர் ஊரில் ஒன்று என ஆட வேண்டும். ஆனால் வடகொரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தூதரக உறவு இல்லை. கொரியப் போரில் ஆஸ்திரேலியப் படைகள் எதிரணியில் நின்று போரிட்டிருந்தன. எனவே பொது இடம் ஒன்று தேவையாயிற்று. வடகொரியத் தலைவர் கிம் இல் சுங்கிற்கு நண்பராகிய கம்போடியாவின் சிஹானுக், தம் தலைநகர் புனோம் பென்னில் இடம் தந்தார். வான் மோலிவான் என்னும் கம்போடியக் கட்டடக் கலைஞர் வகுத்த பெரிய விளையாட்டரங்கு ஒன்று அங்கே 1964-இல்தான் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. வந்திருந்த மக்களில் ஒரு பாதியினர் ஒரு நாட்டையும் மறு பாதியினர் மற்ற நாட்டையும் ஆதரித்து முழங்க வேண்டும் என்று சிஹானுக் ஏற்பாடு செய்தார் என்பர். விருந்தினர் இருவருக்கும் ஒரே வகை உபசாரம்!

ஆஸ்திரேலிய வீரர்கள் பெரும்பாலும் வேறு தொழில் பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் அவர்களுள் பலர். ஐரோப்பியக் கழகங்களிலிருந்து வீரர்களை உரிய தொகை செலுத்தாமல் சேர்த்துக்கொண்டதால் அந்நாடு 1960 முதல் 1963 வரை ஃபிஃபாவிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. ஆகவே பன்னாட்டு ஆட்டப் பழக்கம் அவர்களுக்கு மிகக் குறைவு. எதிரே நிற்கும் அணியைப் பற்றி அவர்களுக்கு ஏதும் தெரியாது. கொரியரோ நெடுங்காலம் ஒன்றாகத் தங்கிப் படைவீரரைப்போல் பயின்றவர்கள். உருவத்தில் சிறியவர்கள்; ஓட்டத்தில் சளையாதவர்கள்; ஒருவர் பந்தை எடுத்தால் ஐவர் முன்னே பாய்வார்கள்.

1965-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் முதல் ஆட்டம். வடகொரியா 6 கோல், ஆஸ்திரேலியா 1. மூன்று நாள் கழித்து, நவம்பர் 24-இல் இரண்டாம் ஆட்டம். வடகொரியா 3, ஆஸ்திரேலியா 1. ஆஸ்திரேலியாவின் இரு கோல்களையும் அடித்தவர் அதன் தலைவர் லெஸ் ஷைன்ஃப்ளுக். மூன்று கண்டங்களுக்கும் உரிய தகுதிப் போட்டி இவ்வாறு நான்கு நாட்களுக்குள், ஒரே திடலில், இரண்டே ஆட்டங்களில் முடிந்துவிட்டது.

நண்பர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அன்று இங்கிலாந்தில் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஆப்பிரிக்கர் வரவில்லை, ஆசியாவிலும் பெயர் பெற்ற அணிகள் வரவில்லை, இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு யாரோ வருகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அன்றியும் பிரிட்டன், வடகொரியாவை ஒரு நாடாகவே அங்கீகரிக்கவில்லை. அவர்களுக்கு நுழைவு அனுமதி தருவதா, கொடியேற்றுவதா, நாட்டுப்பாடல் இசைப்பதா என்று அரசாங்க அலுவலகங்களில் கடிதப் போக்குவரத்து நடந்தது. முடிவில், தொடக்க ஆட்டத்திற்கும் இறுதி ஆட்டத்திற்கும் மட்டுமே நாட்டுப்பாடல்கள் இசைக்கப்படும் என்று பொதுவிதி செய்து சிக்கலை அவிழ்த்தார்கள். வடகொரியா அந்த இரண்டிலும் ஆடப்போவதில்லை அன்றோ என்பது அவர்கள் எண்ணம்.

1966 சூலை 12-இல் சோவியத் யூனியனிடம் 3 கோல்களில் வடகொரியா தோற்றது. 15-ஆம் நாள் சிலியோடு ஆடி, ஆட்டம் முடியும் தறுவாயில் பாக் சுங் ஜின் அடித்த கோலால் 1-க்கு 1 எனச் சமன் செய்தது. சூலை 19-ஆம் நாள் மிடில்ஸ்பரோ நகரின் அயர்சம் பார்க் திடலில் இத்தாலியை எதிர்கொண்டது. இத்தாலியோ இருமுறை உலகக் கோப்பை வென்ற நாடு. ஆட்டத்தின் இடையே அதன் வீரர் புல்காரெல்லி காயமுற்று வெளியேறினார். மாற்று வீரரை இறக்கும் வழக்கம் அப்போது இல்லை. இத்தாலி பத்துப் பேருடன் ஆட நேர்ந்தது. முதற்பாதி முடிவதற்குச் சற்று முன் பாக் டூ இக் ஒரு கோல் அடித்தார். அதுவே வெற்றிக் கோல். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஊர் திரும்பிய இத்தாலிய வீரர்களை ஜெனோவா விமான நிலையத்தில் தக்காளி வீசி வரவேற்றார்கள்.

வடகொரிய அணி தங்கியிருந்த மிடில்ஸ்பரோ ஒரு தொழிலாளர் நகரம். அவ்வூர்க் கழகத்தின் சட்டையும் சிவப்பு; கொரியரின் சட்டையும் சிவப்பு. பதின்மூன்று ஆண்டுகட்கு முன் போர்க்களத்தில் பகைவராய் நின்ற நாட்டின் இளைஞர்களை அவ்வூர் மக்கள் தம் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டார்கள். கால் இறுதி ஆட்டத்திற்கு அவர்களோடு லிவர்பூல் நகருக்கும் பயணம் செய்தார்கள். அலுவலகங்கள் அங்கீகரிக்கத் தயங்கியதை ஆட்டக்களத்தின் படிக்கட்டுகளில் நின்ற மக்கள் தயங்காமல் செய்துவிட்டார்கள்.

சூலை 23-ஆம் நாள் குடிசன் பார்க் திடலில் போர்ச்சுகலுக்கு எதிராக ஆட்டம். 25 நிமிடங்களுக்குள் கொரியர் 3 கோல் அடித்தார்கள். உலகமே வியந்தது. பின்னர் யூசிபியோ என்னும் ஒரு வீரர் எழுந்தார். ஒன்றன்பின் ஒன்றாக 4 கோல்களை அவர் அடித்தார். இறுதியில் போர்ச்சுகல் 5-க்கு 3 என வென்றது. அப்போட்டி முழுவதிலும் 9 கோல் அடித்து முதலிடம் பெற்றவரும் அவரே.

அந்த யூசிபியோ யார்? ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கில் பிறந்தவர். அந்நாடு அப்போது போர்ச்சுகலின் குடியேற்றமாக இருந்தது; 1975-இல்தான் விடுதலை பெற்றது. போர்ச்சுகல் அணிக்குத் தலைமை தாங்கிய கொலூனாவும் மொசாம்பிக்கில் பிறந்தவரே. ஆப்பிரிக்க நாடு ஒன்றும் இல்லாத உலகக் கோப்பையில், மிகுதியான கோல்களை அடித்தவர் ஓர் ஆப்பிரிக்கர்! ஆப்பிரிக்காவில் ஆட்டத் தரம் இல்லை என்று சொன்னவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி ஏது? தரம் இருந்தது, கொடிதான் இல்லை.

இனி விளைவைக் காண்போம். 1970-ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஆப்பிரிக்காவுக்குத் தனியாக ஓர் இடமும், ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சேர்த்து ஓர் இடமும் ஒதுக்கப்பட்டன. 36 ஆண்டுகளுக்குப் பிறகு ஆப்பிரிக்க அணியாக மொராக்கோ மெக்சிக்கோ சென்று, மேற்கு ஜெர்மனிக்கு எதிராக முதல் கோலை அடித்து, அரும்பாடு படுத்திய பின்பே 2-க்கு 1 எனத் தோற்றது. 1974-இல் நடந்த ஃபிஃபாத் தலைவர் தேர்தலில் ஸ்டான்லி ரவுஸ் தோற்றார். பிரேசில் நாட்டு ஹவேலாஞ்சை வெற்றிபெறச் செய்ததில் ஆப்பிரிக்க நாடுகளின் வாக்குகளுக்குப் பெரும் பங்குண்டு. 1976-இல் தென்னாப்பிரிக்கா ஃபிஃபாவிலிருந்து முற்றிலும் நீக்கப்பட்டது. நிறவெறி ஆட்சி சரிந்துகொண்டிருந்த 1992-இல்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. 1978-இல் துனிசியா மெக்சிக்கோவை வென்று ஆப்பிரிக்காவின் முதல் உலகக் கோப்பை வெற்றியைப் பெற்றது. 1990-இல் காமரூன் கால் இறுதியை எட்டியது. 2002-இல் தென்கொரியாவும் 2022-இல் மொராக்கோவும் அரை இறுதி வரை சென்றன. 48 அணிகளுக்கு விரிவாக்கப்பட்ட 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஆப்பிரிக்காவுக்கு 9 நேரடி இடங்களும் ஆசியாவுக்கு 8 நேரடி இடங்களும் ஒதுக்கப்பட்டன. ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு என்றிருந்த கணக்கு இவ்வாறு வளர்ந்தது.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் யார்? போக மறுத்த ஆப்பிரிக்கரா, போய் ஆடிய கொரியரா? இரு தரப்பிலும் வாதாடலாம். ஆப்பிரிக்கர் விலகாமல் இருந்திருந்தால், பழைய பங்கீட்டை யாரும் பிழையென்று எண்ணியிருக்க மாட்டார்கள். எல்லோரும் வரிசையில் நின்று ஓர் இடத்திற்கு முட்டி மோதும்போது, வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்பாரில்லை. 15 நாடுகள் ஒருங்கே வெளியேறியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் வடகொரியாவும் விலகியிருந்தால், 1954-ஆம் ஆண்டின் 9 கோல் தோல்வியே ஆசிய ஆட்டத்தின் அளவுகோலாக மேலும் பல்லாண்டுகள் நின்றிருக்கும். நியாயத்தைச் சொல்வதற்கு ஒருவர் தேவைப்பட்டார். அதனை மெய்ப்பிப்பதற்கு மற்றொருவர் தேவைப்பட்டார். ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமலேயே, ஒரு வழக்கின் இரு சாட்சிகளைப் போல் அவர்கள் நின்றார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. 1963-லும் 1965-லும் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற கானா வீரர்கள் இங்கிலாந்தில் ஆடியிருந்தால் என்ன செய்திருப்பார்களோ, யாரறிவார்? ஆட்டக்காரனின் இளமை குறுகியது. நான்கு ஆண்டுகள் கழித்து இடம் கிடைக்கும்போது அவன் கால்கள் பழைய கால்களாக இரா. கானா முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியது 2006-ஆம் ஆண்டில்தான். அந்த 1966-ஆம் ஆண்டு இளைஞர்கள் தாம் உண்ணாத பழத்திற்காக மரம் நட்டவர்கள். விலகுதல் எளிது என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விலகுவதெல்லாம் ஒன்றன்று என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது. 1950-இல் நாமும் விலகினோம். 1964-இல் ஆப்பிரிக்கரும் விலகினர். நம்முடைய விலகல் அருமை அறியாமல் நேர்ந்தது. அதனால் யாருக்கும் பயனில்லை. அவர்களுடையது அருமை அறிந்து, காரணத்தை ஊரறியச் சொல்லி, எல்லோரும் சேர்ந்து செய்தது. அதனால் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வாயில் திறந்தது. சோம்பலினாலோ அலட்சியத்தினாலோ ஒதுங்குபவனும், நியாயத்திற்காக ஒதுங்குபவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரேபோல்தான் தோன்றுவார்கள். காலமே அவர்களைப் பிரித்துக் காட்டுகிறது.

பல ஆண்டுகள் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்கு அட்டவணை எழுதியவன் நான். எந்த வகுப்பு எந்த வகுப்போடு முதலில் ஆடுவது, எத்தனை அணி அடுத்த சுற்றுக்குப் போவது என்று வெள்ளைத்தாளில் கோடு கிழிக்கும்போதே பாதி ஆட்டம் முடிவாகிவிடுகிறது என்பதை நான் அறிவேன். அத்தாளைப் பிள்ளைகள் யாரும் பார்ப்பதில்லை. திடலில் விழும் கோலைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே நீங்கள் இனி உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றைக் காணும்போது, கோலைக் கண்டு கைதட்டுங்கள். அதோடு அட்டவணையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எந்த வட்டாரத்திற்கு எத்தனை இடம் என்று எண்ணிப் பாருங்கள். நாளை உங்களுள் சிலர் ஆட்டக்காரர் ஆவீர்கள். சிலர் அட்டவணை எழுதும் இடத்தில் அமர்வீர்கள். அப்போது, 16 இடங்களில் ஒன்றை மூன்று கண்டங்களுக்குக் கொடுத்துவிட்டு நீதி செய்துவிட்டதாக நினைத்தவர்களையும், அந்த ஒன்றையும் வேண்டாமென்று சொன்னவர்களையும், அந்த ஒன்றைப் பெற்றுக்கொண்டு அயர்சம் பார்க்கில் ஓடிய சிவப்புச் சட்டைச் சிறுவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.